பட்டறை இயந்திரம்: நாமே கட்டுவதா, புதிதாக வாங்குவதா, பழையதை எடுப்பதா?

சிறு பட்டறை தொடங்குகிறவர்களும், இருக்கும் பட்டறையை விரிவாக்க நினைக்கிறவர்களும் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். கையில் வெல்டிங் தொழில் இருக்கிறது, கட்டிங் மெஷின் இருக்கிறது, பழைய இரும்புக் கடையில் சானல் (ப வடிவ இரும்பு உத்தரம்) கிடைக்கிறது. அப்படியிருக்க எண்ணெய் அழுத்தத்தால் அமுக்கும் ஒரு ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. கோவையிலும் அம்பத்தூரிலும் தாங்களே கட்டிய பிரஸ்ஸை ஆண்டுக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்கும் பட்டறைக்காரர்கள் உண்டு. ஆனால் அவர்களே உலோகம் கடையும் லேத் வேண்டுமென்றால் கடைக்கோ பழைய இயந்திர வியாபாரியிடமோதான் போகிறார்கள். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் விலை மட்டுமல்ல.

பிரஸ், மரம் அறுக்கும் டேபிள் சா, ஓடும் பட்டையில் தேய்க்கும் பெல்ட் கிரைண்டர், கணினி வழி நடத்திச் செதுக்கும் சி.என்.சி. ரவுட்டர், லேத் ஆகிய ஐந்தையும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. இதில் வரும் விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறக்கூடியவை. கணக்கு எப்படிப் போகிறது என்பதைக் காட்டவே அவற்றைத் தந்திருக்கிறேன்; வாங்கப் போகும் நாளில் உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல், வேலையின் துல்லியம் எங்கிருந்து வருகிறது என்பது. பேரிங்கை அழுத்தி ஏற்றும் பிரஸ்ஸின் சட்டம் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்திருந்தாலும், அடியில் வைக்கும் தகடும் புஷ்ஷும் நேராக இருந்தால் வேலை சரியாகவே அமையும். லேத்தில் அப்படியில்லை. அதன் அடிப்படுக்கையான பெட்டில் உள்ள கோணல் எதுவோ அதுவே கடைந்தெடுக்கும் உருப்படியிலும் இறங்கும்.

இரண்டாவது, இயந்திரம் தவறினால் அந்தத் தவறு எதன்மேல் விழும் என்பது. சில இயந்திரங்கள் தவறினால் ஒரு துண்டு இரும்பு வீணாகும். சில தவறினால் விரல் போகும்.

மூன்றாவது முழுச் செலவு. நான்காவது, பழுதாகி நின்றால் எத்தனை நாளில் மீண்டும் ஓடும் என்பது. ஐந்தாவது, விற்க நேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பது. இவற்றுள் முதல் இரண்டையும் விலைக்கு மேலாகவே வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் இரண்டில் தோற்கிற இயந்திரம் எவ்வளவு மலிவாக அமைந்தாலும் பயனில்லை.

## பில்லில் ஏறாத செலவுகள்

தாமே கட்டுகிறவர்கள் இரும்பு, மோட்டார், ஜாக்கி ஆகியவற்றின் விலையைக் கூட்டி, கடை விலையிலிருந்து கழித்து, மீதியை மிச்சம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இயந்திரத்தைக் கட்டும் நாட்களில் பட்டறையில் வேறு வேலை நடப்பதில்லை. உங்கள் பட்டறை ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கூலி வாங்குகிறதோ, அதே தொகையைக் கட்டும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எழுதியாக வேண்டும். வேலை இல்லாத மாதத்தில் கட்டினால் இந்தத் தொகை உண்மையிலேயே குறைவுதான். ஆர்டர் குவிந்திருக்கும்போது கட்டினால் செலவுப் பட்டியலில் இதுவே பெரிய வரியாகிவிடும். வெல்டிங் ராடு, கட்டிங் வீல், ஒடிந்த டிரில் பிட், பெயின்ட், இரண்டாம் முறை வாங்கிய போல்ட் எல்லாம் சேர்ந்து, மூலப்பொருள் விலையில் பத்துக்கு ஒரு பங்காவது வந்துவிடும்.

வரிக் கணக்கும் இருக்கிறது. புதிய இயந்திரத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டுகிறோம். பதிவு பெற்று வழக்கமான முறையில் வரி செலுத்தும் பட்டறை அதை உள்ளீட்டு வரிச் சலுகையாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சிறு தொழிலுக்கான எளிய வரி முறையான காம்போசிஷனில் இருப்பவர்களுக்கு அந்த வழி இல்லை. பழைய இரும்புக் கடையில் பில் இல்லாமல் வாங்கிய சானலுக்கு வரிச் சலுகையும் இல்லை, கணக்கில் காட்ட ஆதாரமும் இல்லை. வருமான வரியில் இயந்திரங்களுக்குப் பொதுவாக ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். அதற்கும் பில்தான் அடிப்படை. உரிமையாளர் தாமே செய்த உழைப்புக்கு மதிப்புப் போட்டு அதில் சேர்க்க முடியாது.

வங்கிக் கடன் இன்னும் பெரிய விஷயம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு, பிரிவையும் இடத்தையும் பொறுத்து, திட்டச் செலவில் 15 முதல் 35 சதவீதம் வரை மானியம் உண்டு. வங்கி கேட்கும் முதல் காகிதம் இயந்திரம் விற்பவரின் விலைப்புள்ளி. நாமே கட்டப் போகும் இயந்திரத்துக்கு யார் விலைப்புள்ளி தருவார்? பழைய இயந்திரத்துக்கும் இந்த வழி பெரும்பாலும் அடைபட்டதே. ஆகவே மானியத்துக்குத் தகுதியுள்ளவர்கள் கடை விலையை முழுத் தொகையாக எடுத்து ஒப்பிடக் கூடாது. மானியம் கழித்த தொகையையே ஒப்பிட வேண்டும்.

| இயந்திரம் | நாமே கட்டினால் | புதிதாக வாங்கினால் | பழையதை எடுத்தால் | என் பரிந்துரை |
|---|---|---|---|---|
| 20 டன் பிரஸ் | ரூ. 17,000 – 20,000, நான்கைந்து நாள் உழைப்பு | ரூ. 25,000 – 45,000 | அரிதாகவே கிடைக்கும் | கட்டலாம் |
| டேபிள் சா | ரூ. 7,000 – 10,000 | ரூ. 40,000 – 60,000 | கிடைத்தால் நல்லது | வாங்க வேண்டும் |
| பெல்ட் கிரைண்டர் | ரூ. 25,000 – 35,000 | தேவையான அளவில் எளிதில் கிடைக்காது | அரிது | கட்டலாம் |
| சி.என்.சி. ரவுட்டர் | சிறியது ரூ. 1 லட்சத்தைச் சுற்றி | பெரியது ரூ. 4 லட்சத்திலிருந்து | கவனம் தேவை | நோக்கத்தைப் பொறுத்தது |
| லேத் | கூடாது | இலகு ரகம் ரூ. 1 லட்சத்தைச் சுற்றி | நல்ல வாய்ப்பு | நல்ல பழையது |

## ஹைட்ராலிக் பிரஸ்

நாமே கட்டுவதற்கு மிகவும் ஏற்றது இதுதான். 20 டன் ஜாக்கி எல்லா ஆட்டோமொபைல் கடைகளிலும் கிடைக்கிறது. இரண்டு தூண், மேலே ஓர் உத்தரம், கீழே உயரம் மாற்றக்கூடிய ஒரு படுக்கை, ஜாக்கியை மேலே இழுக்க இரண்டு ஸ்பிரிங். இவ்வளவே இதன் உறுப்புகள். சாதாரண ஜாக்கியைத் தலைகீழாக வைத்தால் பம்ப் எண்ணெயை இழுக்காது. அதனால் ஜாக்கியை நிமிர்ந்தபடியே ஒரு தொங்கும் தட்டில் நிறுத்தி, அதன் தண்டு மேல் உத்தரத்தைத் தள்ள, தட்டு கீழே இறங்கி வேலையை அழுத்தும்படி அமைப்பதே வழக்கம்.

எளிய அமைப்பு என்பதாலேயே பலர் கணக்குப் போடாமல் கட்டிவிடுகிறார்கள். 20 டன் என்பது ஏறத்தாழ 196 கிலோநியூட்டன் விசை. தூண்களுக்கு நடுவில் 500 மி.மீ. இடைவெளி இருந்து, விசை நடுவில் விழுந்தால், படுக்கையில் தோன்றும் வளைவுத் திருப்புவிசை 24.5 கிலோநியூட்டன் மீட்டர். இதை இரண்டு 100 மி.மீ. சானல் தாங்கினால் இரும்பில் ஏறும் தகைவு (பரப்பளவுக்கு விழும் விசை) சுமார் 320 மெகாபாஸ்கல். சாதாரண மைல்டு ஸ்டீல் 250-லேயே நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும். 125 மி.மீ. சானல் இரண்டைப் போட்டால் தகைவு சுமார் 180-க்கு இறங்கும். 150 மி.மீ. சானல் இரண்டானால் 120-ஐத் தாண்டாது. பழைய இரும்புக் கடையில் கண்ணில் படும் 100 மி.மீ. சானலை எடுத்து 20 டன் பிரஸ் கட்டினால், முழு அழுத்தம் கொடுக்கும் முதல் நாளிலேயே படுக்கை தொய்ந்துவிடும் என்பதே இந்தக் கணக்கின் பொருள். 150 மி.மீ. சானல் மீட்டருக்கு 16 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். முழுச் சட்டமும் தகடு, ஆங்கிள் எல்லாம் சேர்த்து 130 – 140 கிலோ வரும்.

படுக்கையைத் தாங்கும் பின்களுக்கும் இதே கவனம் தேவை. பக்கத்துக்கு ஒரு பின், ஒவ்வொன்றும் இரண்டு இடங்களில் வெட்டு விசையைத் தாங்குகிறது என்று கொண்டால், ஓர் இடத்துக்கு 5 டன் விழுகிறது. 20 மி.மீ. பின் போட்டால் வெட்டுத் தகைவு 156 மெகாபாஸ்கல்; இது மைல்டு ஸ்டீலின் எல்லையைக் கடந்த அளவு. 25 மி.மீ. பின் போட்டால் 100-க்கு வந்துவிடும், அதையும் இ.என்.8 என்ற வலுவான எஃகு ராடில் கடைந்து போட்டால் கவலை இல்லை. ஐந்து மி.மீ. வேறுபாட்டுக்கு ஆகும் கூடுதல் செலவு நூறு, இருநூறு ரூபாய்தான்.

இரும்பு கிலோ 65 – 70 ரூபாய் என்று வைத்தால் சட்டத்துக்கு ஒன்பதாயிரத்தைச் சுற்றி ஆகும். ஜாக்கி நான்காயிரம், பின், ஸ்பிரிங், போல்ட், துளையிடும் கூலி, வெல்டிங் ராடு, பெயின்ட் எல்லாம் சேர்த்து ஐந்தாயிரம் வரை ஆகலாம். முப்பது மணி நேர உழைப்புக்கு மணிக்கு 150 ரூபாய் போட்டால் மேலும் 4,500. மொத்தம் 22,500 ரூபாய்; கடையில் கிடைக்கும் விலை குறைந்த பிரஸ்ஸுக்கும் இதற்கும் இடையே பெரிய இடைவெளி இல்லை. அப்படியானால் ஏன் கட்ட வேண்டும்? உங்கள் வேலைக்கு 800 மி.மீ. அகலம் தேவைப்படலாம், படுக்கை தரையோடு தாழ்ந்திருக்க வேண்டியிருக்கலாம், டிராக்டர் அச்சு நுழையும் அளவுக்கு உயரம் வேண்டியிருக்கலாம். கடைச் சரக்கில் கிடைக்காத இந்த அளவுகளே கட்டுவதற்கு உண்மையான காரணம். அகலம் கூடினால் மேலே சொன்ன வளைவுக் கணக்கும் அதே விகிதத்தில் கூடும் என்பதை மறக்கக் கூடாது. வழக்கமான அளவே போதும் என்றால், பிரஷர் கேஜுடன் வரும் கடைப் பிரஸ்ஸை வாங்குங்கள். எத்தனை டன் கொடுக்கிறோம் என்பதைப் பார்த்து அழுத்துவது பேரிங்குக்கும் நல்லது, எதிரில் நிற்பவருக்கும் நல்லது.

## டேபிள் சா

இதில் நான் சமரசம் செய்துகொள்ள மாட்டேன். மார்பிள் கட்டரைத் தலைகீழாகத் திருப்பி, பிளைவுட் மேசைக்கு அடியில் திருகி, மேலே எட்டிப்பார்க்கும் பிளேடில் மரம் அறுக்கும் பழக்கம் கார்பென்டர்களிடையே பரவலாக இருக்கிறது. ஏழெட்டாயிரத்தில் முடிந்துவிடுகிறது என்பது உண்மை. கையில் அவ்வளவுதான் பணம் இருக்கிறது என்பதும் பலருக்கு உண்மை.

மரம் அறுபடும்போது உள்ளிருக்கும் இறுக்கம் விடுபட்டு, அறுத்த வாய் மூடிக்கொண்டு பிளேடின் பின்பக்கத்தைப் பிடிக்கும். பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுந்து அறுப்பவரை நோக்கிச் சுழல்பவை. ஆகவே பிடிபட்ட பலகை அவர் வயிற்றை நோக்கிப் பாயும். பலகையைத் தள்ளிக்கொண்டிருந்த கை அதே கணத்தில் பிளேடின்மேல் இழுபடலாம். இதைத் தடுக்கவே தொழிற்சாலையில் செய்த டேபிள் சாவில் பிளேடுக்குப் பின்னால், அதனோடு சேர்ந்தே ஏறி இறங்கும் ஒரு தகடு இருக்கிறது. அதை ரைவிங் நைஃப் என்பார்கள். பிளேடுக்கு இணையாக நிற்கும் கைடும் அதே அளவு முக்கியம். கைடின் பின்முனை ஒரு மில்லிமீட்டர் பிளேடு பக்கம் சாய்ந்திருந்தாலும் மரம் இறுகும். மார்பிள் கட்டரின் அடித்தட்டில் இந்த இரண்டையும் சரியாகப் பொருத்த இடமே இல்லை.

இன்னொரு குறை வெளியே தெரிவதில்லை. மேசைக்கடியில் போனபின் கட்டரின் ஸ்விட்சை எப்போதும் ஆனில் வைத்துவிட்டு, சுவரில் உள்ள சாதாரண ஸ்விட்சில் ஓட்டுவார்கள். அறுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகும். ஸ்விட்சை அணைக்க மறந்து, பிளேடைச் சுற்றித் தூளைக் கையால் ஒதுக்கும்போது கரண்ட் திரும்பும். முறையான ஸ்டார்ட்டரில் நோ-வோல்ட் காயில் இருப்பதால் மின்சாரம் போனதும் அது விடுபட்டுவிடும். பச்சைப் பொத்தானை மீண்டும் அழுத்தினால்தான் இயந்திரம் ஓடும். டேபிள் சா மட்டுமல்ல, நாமே கட்டும் எந்தச் சுழலும் இயந்திரத்துக்கும் இந்த ஸ்டார்ட்டரைப் போட்டே ஆக வேண்டும்.

ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்களுக்குச் சட்டப் பொறுப்பும் சேர்கிறது. சுழலும் பாகங்களுக்குக் காப்பு வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவிலேயே இருந்த விதி; 2025 நவம்பரில் அச்சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. சட்டம் உங்கள் பட்டறையின் அளவுக்குப் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும், காப்பில்லாத இயந்திரத்தில் இன்னொருவர் மகனை நிறுத்தக் கூடாது. பணம் போதவில்லை என்றால், நேரான அலுமினியப் பட்டையைக் கிளாம்ப் போட்டுப் பிடித்து, கையால் தள்ளும் சர்குலர் சாவில் அறுப்பது இந்த மேசையைவிடப் பாதுகாப்பானது; செலவும் குறைவு.

## பெல்ட் கிரைண்டர்

கத்தி, அரிவாள் செய்பவர்களும் ஸ்டீல் ஃபேப்ரிகேஷன் செய்பவர்களும் விரும்பும் இரண்டு அங்குல அகலம், 72 அங்குல நீளம் கொண்ட பெல்ட்டை ஓட்டும் கிரைண்டர் நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் எடைக்கான கப்பல் கட்டணமும் சுங்க வரியும் விலையை ஏற்றிவிடுகின்றன. ஆகவே இங்கே கட்டுவது நியாயமான வழி. உண்மையில் இதைக் கட்டுவது என்று சொல்வதைவிட கோப்பது என்று சொல்லலாம். 10 மி.மீ. தகடுகளை லேசர் கட்டிங் கடையில் கொடுத்து வெட்டி, வீல்களை லேத் பட்டறையில் கடைந்து வாங்கி, போல்ட் போட்டு இணைப்பதுதான் வேலை. பெல்ட் நடுவில் ஓடுவதற்கு மேல் வீலின் நடுப்பகுதி சற்றுக் குவிந்திருக்க வேண்டும் என்பதைக் கடைசல்காரரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

2,880 சுற்று மோட்டாரில் 100 மி.மீ. வீல் போட்டால் பெல்ட் நொடிக்கு 15 மீட்டர் ஓடும், 150 மி.மீ. போட்டால் 22 மீட்டருக்கு மேல் ஓடும். வேகத்தை மாற்ற வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவி) வைப்பது நல்லது. ஒற்றை ஃபேஸ் மின்சாரத்தில் ஓடும் வி.எஃப்.டி. 230 வோல்ட்டில்தான் மூன்று ஃபேஸ் தரும். இரண்டு குதிரைத்திறன் மோட்டாரோ வழக்கமாக 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் (மோட்டாரின் சுருள்களை இணைக்கும் ஒரு முறை) வரும். பெயர்ப்பலகையைப் பார்த்து, அனுமதி இருந்தால் டெல்டா என்ற மற்ற இணைப்பு முறைக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் மோட்டார் இழுவையே இல்லாமல் திணறும். மோட்டார் முழுதும் மூடியதாக இருக்கட்டும், இரும்புத் தூள் உள்ளே போனால் வைண்டிங் நிலைக்காது. ஒரே கிரைண்டரில் அலுமினியமும் இரும்பும் தேய்க்கக் கூடாது. குவிந்த அலுமினியத் தூளில் இரும்புப் பொறி விழுந்தால் தீப்பற்றும்.

## சி.என்.சி. ரவுட்டர்

இங்கே விடை உங்கள் நோக்கத்தைப் பொறுத்தது. பெயர்ப்பலகை, சிறு மரவேலை, கற்றுக்கொள்வது ஆகியவற்றுக்கு இரண்டடிக்கு மூன்றடி படுக்கையுள்ள ரவுட்டரை லீனியர் கைடு (நேராக நகர வைக்கும் தண்டவாளம்), பால் ஸ்குரூ (நகர்த்தும் திருகு), ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாகச் சுழல்வது), 1.5 அல்லது 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் (வெட்டும் கருவியைச் சுழற்றுவது) வாங்கிக் கட்டலாம். கட்டி முடிப்பவருக்கு இயந்திரத்தோடு தொழிலறிவும் கிடைக்கும், அது கடையில் கிடைக்காது. ஆனால் சட்டத்தின் விறைப்பில் சிக்கனம் பார்க்க இடமில்லை. ஒரு முனையில் மட்டும் பிடித்திருக்கும் கரம் இரண்டு மடங்கு நீண்டால், அதே விசைக்கு அதன் வளைவு எட்டு மடங்காகும். சிறியதில் நன்றாக ஓடிய வடிவத்தை அப்படியே பெரிதாக்கி நாலடிக்கு எட்டடி படுக்கை கட்டியவர்கள், வெட்டு அலையலையாக வருவதைச் சரிசெய்யவே மாதக்கணக்கில் உழைக்க நேர்கிறது.

கதவு, கட்டில் தலைப்பலகை என்று தினமும் ஆர்டர் முடிக்க வேண்டியவர்கள் வாங்கிவிட வேண்டும். ஒரு நாள் இயந்திரம் நின்றால் போகும் வருமானத்தை எழுதிப் பாருங்கள். விற்றவரின் சர்வீஸ் ஆள் அடுத்த நாள் வந்து நிற்பதற்குக் கொடுக்கும் விலையே அந்தக் கூடுதல் தொகை. வாங்குமுன் சர்வீஸ் ஆள் எந்த ஊரில் இருக்கிறார், கன்ட்ரோலர் கார்டு கையிருப்பில் இருக்கிறதா என்று அதே இயந்திரத்தை ஏற்கெனவே வாங்கிய இருவரிடமாவது கேட்டுவிட வேண்டும்.

## லேத்

லேத்தை நாமே கட்ட முயலக் கூடாது. வார்ப்பிரும்புப் பெட்டை வார்த்து, உள்தகைவு நீங்க விட்டு, கிரைண்டிங் செய்து, ஸ்க்ரேப் செய்து (கையால் சுரண்டிச் சமப்படுத்தி), உருப்படியைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக்கின் அச்சை அதற்கு இணையாக நிறுத்துவது ஒரு தொழிற்சாலையின் வேலை. நாம் வெல்டிங் செய்து எடுக்கும் எந்தச் சட்டமும் அந்த நேர்கோட்டுத் துல்லியத்துக்கு அருகில் வராது.

மீதி இரண்டு வழிகள்தான். ராஜ்கோட், பட்டாலா, லூதியானா ஊர்களிலிருந்து வரும் இலகு ரகப் புதிய லேத் புஷ், பின் கடையும் சில்லறை வேலைக்குப் போதும், கடனும் கிடைக்கும். அதே பணத்துக்கோ சற்றுக் கூடுதலாகவோ, பெரிய ஆலைகள் கழித்துவிடும் கனமான பழைய லேத் கிடைத்தால் அதையே நான் பரிந்துரைப்பேன். 1953-இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. நிறுவனத்தின் எல்.பி.17, என்.எச்.22 ரகங்களுக்குப் பழைய சந்தையில் இன்றும் தேடி வருவோர் இருக்கிறார்கள். நல்ல நிலையில் வைத்திருந்தால் சில ஆண்டுகள் கழித்து விற்கும்போதும் விலை பெரிதாக இறங்காது. நாமே கட்டிய இயந்திரத்துக்குப் பெரும்பாலும் இரும்பு எடை விலைதான் கிடைக்கும் என்பதோடு இதை ஒப்பிடுங்கள்.

பழைய லேத்துக்கும் மறைந்த செலவு உண்டு. ஒரு டன்னுக்கு மேலான எடையை ஏற்றி இறக்க கிரேன், லாரி, தளம், வயரிங் எல்லாம் வாங்குபவர் பொறுப்பு. எனவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் டயல் கேஜ், மைக்ரோமீட்டர், 40 மி.மீ. ராடு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போங்கள். கருவியைத் தாங்கி பெட்மேல் நகரும் சாடிலின் கிப்பை (இடைவெளியைச் சரிசெய்யும் பட்டை), உருப்படியைப் பிடிக்கும் சக் அருகே லேசான பிடிப்புக்கு இறுக்கி, எதிர்முனையில் உள்ள டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்திப் பாருங்கள். போகப்போக இறுகிப் பிடித்தால், அதிகம் ஓடிய சக் பக்கத்தில் பெட் தேய்ந்திருக்கிறது. எல்லா கியரிலும் ஓடவிட்டு ஹெட்ஸ்டாக்கின் சத்தத்தைக் கேளுங்கள். திரெட் வெட்டும் சேஞ்ச் கியர்கள் முழு செட்டாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். அவை தொலைந்திருந்தால் தேடுவது கடினம். பிறகு ராடைச் சக்கில் பிடித்து, 150 மி.மீ. வெளியே நீட்டி, டெயில்ஸ்டாக் தாங்கல் இல்லாமல் மெல்லிய வெட்டு ஒன்று எடுத்து, இரு முனைகளையும் அளந்து பாருங்கள். விட்டத்தில் 0.02 – 0.03 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தால் பழுதுபார்க்கும் பட்டறைக்குப் போதும். அதற்கு மேல் இருந்தாலும் உடனே ஒதுக்க வேண்டாம். பெட் மட்டம் பார்த்து நிறுத்தப்படாமல் முறுக்கியிருந்தாலும் இப்படித்தான் காட்டும் என்பதால், முதலில் ஸ்பிரிட் லெவல் வைத்துப் பார்த்துவிட்டு மீண்டும் ஒருமுறை வெட்டச் சொல்லுங்கள். கரண்ட் கொடுத்து ஓட்டிக்காட்ட விற்பவர் இசையவில்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.